வரத்துக்காலை மீட்க ஒரு கலை மாலை: தப்பு, கும்மி, சுவர் ஓவியம். எப்படித் திட்டமிடலாம்?

கண்மாய்க்கரை எழுதியது:

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசன ஊர். மக்கள்தொகை சுமார் 1,400. கண்மாய் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 70 ஏக்கர். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முக்கால் கிலோமீட்டருக்குத் தூர்ந்து கிடக்கிறது. நடுவில் இரண்டு மூன்று இடங்களில் வயலோடு சேர்த்தே உழுதுவிட்டார்கள். உள்வாய் (தண்ணீர் தேங்கும் பரப்பு) முழுக்கச் சீமைக்கருவேலம். உபரி நீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் வழிந்து பல வருஷம் ஆகிறது.

மே 1 கிராம சபையில் "வரத்துக்காலை அளந்து கல் ஊன்றித் தூர்வார வேண்டும்" என்று தீர்மானம் போட வைக்க வேண்டும். நோட்டீஸ் மட்டும் ஒட்டினால் சபைக்கு முப்பது பேர்கூட வருவதில்லை. அதனால் அதற்கு முந்தைய வாரம் ஊர் மந்தையில் ஒரு கலை நிகழ்ச்சி நடத்தலாம் என்று யோசனை. இப்போதைக்குத் திட்டம் இதுதான்:

முதலில் தப்பு அடித்துத் தெருத்தெருவாக ஊரைக் கூட்டுவது. பிறகு 8 பேர் தப்பாட்டம், ஒயிலாட்டம், வடக்கே இருந்து ஒரு தெருக்கூத்துக் குழு. பள்ளிக்கூடச் சுவரில் ஓவியம். கையில் 50,000 ரூபாய்.

தேதி, மைக் செட், ஜெனரேட்டர், போலீஸ் அனுமதி, சுவருக்கு என்ன பெயிண்ட், கலைஞர்களை எப்படி ஏற்பாடு செய்வது, எல்லாவற்றிலும் யோசனை சொல்லுங்கள். எது சொதப்பும் என்பதை முதலில் சொன்னால் இன்னும் நல்லது.

---

புழுதிவிதைப்பு எழுதியது:

முதலில் சொதப்பப்போவது தேதி.

ஏப்ரல் கடைசி என்றால் பங்குனி, சித்திரைத் திருவிழாக் காலம். தப்பு, நையாண்டி மேளம், கரகம், நாடகம் எல்லாருக்கும் வருஷத்துச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு மாதத்தில்தான். மாரியம்மன் கோயில் பொங்கலை விட்டுவிட்டு உங்கள் 50,000 ரூபாய் நிகழ்ச்சிக்கு நல்ல செட் வராது. வந்தாலும் மூன்று ராத்திரி தூங்காமல் வந்து நிற்பார்கள். பரீட்சைக் காலம் வேறு. ஏப்ரலில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கேட்டால் ஸ்டேஷனில் யோசிப்பார்கள்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் உங்கள் வேலைக்குப் பொருத்தமானது ஆகஸ்ட் 15. அக்டோபர் 2 என்றால் கலைஞர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள். ஆனால் தீர்மானம் போட்டு, அளந்து, மண்ணை வெட்டுவதற்குள் ஐப்பசி மழை இறங்கிவிடும். தண்ணீர் நிற்கிற கால்வாயில் பொக்லைன் இறங்காது. ஆகஸ்ட் 15-க்குத் தீர்மானம் என்றால் மழைக்கு முன் இரண்டு மாதம் கையில் இருக்கும். ஆவணியில் புழுதி விதைப்பு தொடங்கிவிட்டால் வயலுக்குள் அளவைச் சங்கிலியை இழுக்க ஒருத்தரும் விடமாட்டார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

நிகழ்ச்சியை ஆகஸ்ட் 8-லிருந்து 12-க்குள் வைக்கலாம். வெள்ளி, ஞாயிறு வேண்டாம், ஆடிக் கூழ் ஊற்றுகிற நாள்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மைக் செட்டும் பந்தலும் வார நாளில் சும்மா கிடக்கும், பேசி வாங்கலாம்.

அடுத்தது தெருக்கூத்து. நல்ல கலைதான், மறுப்பில்லை. ஆனால் அது திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்துச் சொத்து. விடிய விடிய ஆடினால்தான் அதற்கு ஒரு கட்டுக்கோப்பு. அதை 40 நிமிஷமாக நறுக்கி, அந்தப் பாட்டும் ராகமும் காதில் விழுந்தே இராத சனத்தின் முன் வைத்தால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். 50,000-ல் பெரிய துண்டு வண்டி வாடகைக்கே போகும்.

உங்கள் சீமையில் ராத்திரிக் கலை என்றால் வள்ளி திருமணம், ஸ்பெஷல் நாடகம். முழு நாடகம் வைக்காதீர்கள், அது பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். ஒரு பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவகைத் தாளக் கருவி வாசிப்பவர்), இந்த நாலு பேரை மட்டும் 40 நிமிஷத்துக்குப் பேசுங்கள். பபூன் ஊர் விஷயத்தைப் பிடித்து நின்ற இடத்திலேயே பேசக்கூடியவர். முந்தின நாள் அவரைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போய் மடைக்கு மடை பேர் சொல்லிக் காட்டுங்கள், எந்த வருஷம் கடைசியாகக் கலுங்கு பாய்ந்தது என்பதையும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். பிள்ளைகளும் பெண்களும் முன்வரிசையில் இருப்பார்கள், இரட்டை அர்த்தம் வேண்டாம் என்பதை மட்டும் வெற்றிலை பாக்கும் முன்பணமும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மேடையில் வைத்துச் சொன்னால் அதையே ஜோக்காக்கிவிடுவார்.

கும்மிக்குக் காசே வேண்டாம். ஆடியில் முளைப்பாரிக்காக உங்கள் ஊர்ப் பெண்கள் எப்படியும் ராத்திரியில் கும்மி கொட்டிப் பழகிக்கொண்டு இருப்பார்கள். அதே மெட்டில் கண்மாய்ப் பாட்டு கட்டச் சொல்லுங்கள். கவிஞர் யாரையும் கூப்பிட வேண்டாம். முதலடியை ஒருத்தி பாட மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுகிற அமைப்பு. ஓர் அடிக்கு எட்டுக் கைத்தட்டு. ஓர் அடிக்கு ஒரு சேதிக்கு மேல் திணித்தால் மூச்சு வாங்கும். "விழிப்புணர்வு", "சுற்றுச்சூழல்" மாதிரி நீளச் சொல் தட்டில் உட்காராது. மடை, கலுங்கு, உள்வாய், வரத்து, கரம்பை என்று சின்னச் சின்னச் சொல்லாக இருந்தால் கை தானாக விழும்.

புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஊர்க்காரர் காதில் இருந்த மெட்டிலேயே பாட்டைக் கட்டினார்கள்.

---

அடிக்குச்சி எழுதியது:

தேதியைவிட எனக்கு உறுத்துவது வேறு. "தப்பு அடித்துத் தெருத்தெருவாக ஊரைக் கூட்டுவது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

தண்டோரா போடுவதை நிறுத்த வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் அனுப்பினார். அறிவிக்க வேண்டியதை வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொல்லித்தான். சேதி சொல்வதும் சாவுக்கு அடிப்பதும் ஒரு சாதியின் கடமை என்று இருந்ததை உடைக்கத்தான் இத்தனை வருஷமாகப் பறையை மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழு மாதிரி பெண்களே பறை எடுத்து ஆடுகிற குழுக்கள் வந்ததும் அதனால்தான். நீங்கள் நல்ல காரியத்துக்கு என்று நினைத்து அதே பழைய வேலையைக் கொடுக்கிறீர்கள். அறிவிப்புக்கு ஆட்டோவில் பதிவு செய்த குரல் போதும். தப்பு நேரே ஆடுகளத்துக்கு வரட்டும், நடு நிகழ்ச்சியாக வரட்டும்.

இரண்டாவது, இடம். மந்தை என்றால் யாருடைய மந்தை? காலனிச் சனம் அங்கே வந்து சாதாரணமாக உட்காரும் என்றால் சரி. ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகும் இடம் என்றால் நிகழ்ச்சியே பொய். ஆயக்கட்டில் கூலிக்கு இறங்குகிறவர்கள் அவர்கள்தான். தண்ணீர் வந்தால் நடவும் களையும் அவர்களுக்குத்தான். கண்மாய்க்கரையின் கீழ்ப்புறம், பள்ளி மைதானம், பேருந்து நிறுத்தத்துப் பொட்டல் என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தரையாகப் பாருங்கள். சாப்பாடு ஒரே பந்தி. கலைஞர்களுக்குத் தனி இலை, தனி இடம், பார்சல் எதுவும் கூடாது. இதில் ஊர்ப் பெரியவர்கள் இழுத்தால் முன்கூட்டியே பேசி முடியுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசுகிற விஷயம் இல்லை இது.

இனி வாத்தியம். ஆடியில் ஈரப்பதம் குறைவு, காற்றுதான் அதிகம். தோல் தொய்வது ஐப்பசி அளவுக்கு இராது. இருந்தாலும் காய்ச்சாமல் அடிக்க முடியாது. வைக்கோல், காய்ந்த பனையோலைதான் நல்லது. சட்டென்று எரிந்து சட்டென்று அடங்கும். விறகுத் தணலில் காட்டினால் ஓரத்தில் சூடு ஏறி, தோல் சட்டத்தை விட்டுக் கிழியும். தீயிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளிப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விரலால் சுண்டினால் "தொப்" என்பது "டங்" என்று மாறும்போது எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் அடிக்கும்போது நடுவில் வெடிக்கும்.

எட்டுப் பேர் என்றால் எட்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவரக் கால் மணி நேரம் பிடிக்கும். நிகழ்ச்சி நிரலில் "தப்பாட்டம் 7.15" என்று போட்டால் 7 மணிக்கே தீ மூட்ட இடம் வேண்டும். அந்த நேரத்தில் வரவேற்புரைக்காரர் இன்னும் ஐந்து நிமிஷம் என்று இழுத்தால் சூடு ஆறிப்போகும், திரும்பக் காய்ச்ச வேண்டும். முன்னால் கும்மியை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பாட்டை இரண்டு சுற்று கூட்டலாம் குறைக்கலாம்.

ஆடிக்காற்றில் வைக்கோல் பொறி பறக்கும். வைக்கோல் போர், கீற்றுக் கொட்டகை, பந்தல் துணி எதுவாக இருந்தாலும் அவற்றுக்குக் கீழ்க்காற்றுப் பக்கத்தில் தீயைப் போடுங்கள். இந்த மாதத்தில் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும். அப்படியானால் களத்துக்குக் கிழக்கே தீ. பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர், ஒரு சாக்கு.

தப்பு தரையில் வைக்கக் கூடாது, ஈரம் ஏறும். புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய தோல். ஈரம் பட்டால் விளிம்பு விடும். கயிறு கட்டித் தொங்கவிட ஒரு மூங்கில் போதும். எட்டுப் பேருக்கு உபரியாக இரண்டு தப்பு கொண்டுவரச் சொல்லுங்கள். சிண்டுக்குச்சி (மெல்லிய நீளக் குச்சி) மூங்கில் சிம்பு, நுனி பிளந்துகொள்ளும். அதுவும் நாலைந்து கூடுதலாக. பைபர் பறை காய்ச்ச வேண்டியதில்லை என்று யாராவது சொல்வார்கள். மழைக்கு ஆகும், மறுப்பதற்கில்லை. அடி எல்லாம் ஒரே கூர்மையாகக் கேட்கும், அடிக்குச்சியின் (கட்டைக் குச்சியின்) கனம் வராது. ஆடிக்கு அது தேவையில்லை.

என்ன அடி கேட்பது என்றும் குழுத் தலைவரிடம் பேசுங்கள். பெரும்பாலும் "ஊர்க்காரங்களுக்குப் பிடிக்கும்" என்று சினிமா அடியில் முடிப்பார்கள். தெம்மாங்கடி, சாமிச்சாட்டு, டப்பா அடி எல்லாம் ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம் நின்று ஆடினால் கால் மணி நேரம் தாராளமாக நிற்கும். கூட்டத்தில் யாராவது குடித்துவிட்டுச் சாவுக்கூத்து அடி கேட்பார்கள். அடிக்க மாட்டோம் என்பதை அறிவிப்பாளர்தான் சொல்ல வேண்டும். கலைஞரைச் சொல்ல விடாதீர்கள்.

பணம்: 50,000-ல் பாதிக்குக் குறையாமல் கலைஞர்களுக்கு. பிளெக்ஸ், சால்வை, மெமெண்டோ எல்லாம் அதற்குப் பிறகு. பேசிய தொகையை ஆடி முடித்த கையோடு, வண்டி ஏறுமுன் கொடுத்துவிடுங்கள். பெண் கலைஞர்கள் வந்தால் உடை மாற்றப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றைத் தாழ்ப்பாள் உள்ளதாகப் பார்த்துத் திறந்து கொடுங்கள். கழிப்பறைச் சாவி யாரிடம் என்பதை மாலையிலேயே கேட்டு வாங்கி வையுங்கள். குழுவில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இல்லாதவர்கள் இருப்பார்கள். பதிவு விண்ணப்பத்துக்கு உங்கள் ஊர்ப் படித்த பிள்ளைகள் உதவலாம்.

---

ஆம்ப்ளிபயர் எழுதியது:

தப்புக்கு மைக் வைக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டும் கேட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எட்டுத் தப்பு ஒன்றாக அடித்தால் பக்கத்தில் 100 டெசிபலைத் தாண்டும், 1,400 பேர் ஊருக்கு அதுவே போதும். மைக்கை நேரே நீட்டினால் சிண்டுக்குச்சியின் சத்தம் மிக்ஸரில் முட்டி ஸ்பீக்கரில் பட்டாசு மாதிரி உடையும். டுவீட்டர் போவது இப்படித்தான். தப்போடு பாட்டு உண்டு என்றால் பாடுகிறவருக்கு மட்டும் ஒரு டைனமிக் மைக். அவர் தப்புக்காரர்களுக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி, முதுகைத் தப்புப் பக்கம் காட்டாமல் நிற்கட்டும். முதுகைக் காட்டினால் மைக்கின் முகம் நேரே தப்பைப் பார்க்கும்.

கும்மிக்கு எதிர்மாறு. வட்டத்தில் எல்லாரும் உள்நோக்கிக் குனிந்து பாடுவார்கள். வட்டத்தின் நடுவில் ஒரே ஸ்டாண்ட், அதில் இரண்டு மைக்கை எதிரெதிராக, நாலடி உயரத்தில். முதலடி எடுக்கும் பெண்ணுக்கு மட்டும் கையில் ஒரு கார்டுலெஸ். ஆனால் அவர் கை தட்ட முடியாதே என்பார்கள். பட்டி வைத்துக் கழுத்தோடு கட்டுகிற காலர் மைக் ஆடிக்காற்றில் புஸ் புஸ் என்று ஊதும். ஸ்பான்ஞ்சு போட்டாலும் முழுசாகப் போகாது. மிக்ஸரில் கீழ்ச் சத்தத்தை வெட்டும் லோகட்டைப் போட்டுவிட்டால் சமாளிக்கலாம்.

ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டும் கலைஞர்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து. பின்னால் வைத்தால் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். மைக் செட்காரர் பழக்கத்தில் மரத்தில் குழாய் கட்டுவார். கூம்புக் குழாயில் கீழ்ச் சுரம் வராது, பேச்சு மட்டும் கூர்மையாகப் போகும். அனுமதிக் கடிதத்திலும் பெரும்பாலும் "கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது" என்று எழுதித்தான் கொடுப்பார்கள். பாக்ஸ் போதும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கரண்ட் கணக்கு: பவர்டு பாக்ஸ் 2, மிக்ஸர், 50 வாட் எல்.இ.டி. விளக்கு 8, சமையல் பக்கம் இரண்டு பல்பு. எல்லாம் சேர்ந்து 2 கிலோவாட்டுக்குள் வரும். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாராளம். நாலு மணி நேரத்துக்கு டீசல் 6 லிட்டரைச் சுற்றி ஆகும், 10 லிட்டர் வாங்கி வையுங்கள். போஸ்ட்டில் கொக்கி மாட்டுவது வேண்டவே வேண்டாம். சட்டப் பிரச்சினையை விட்டுத்தள்ளுங்கள். எல்லா வீட்டிலும் மோட்டாரும் மிக்ஸியும் ஓடுகிற ஏழு மணிக்கு 170 வோல்ட்டுதான் வரும், மிக்ஸர் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வரும்.

ஜெனரேட்டரைக் காற்று அடிக்கிற திசைக்குக் கீழே, 40 மீட்டராவது தள்ளி வையுங்கள். வயர் 2.5 ஸ்கொயர் காப்பர், மூன்று கோர். டெகரேஷன்காரர் கொண்டுவரும் மெல்லிய வயரை வீலில் சுற்றியபடியே லோடு கொடுத்தால் உள்ளே சூடாகி உருகும். முழுக்க அவிழ்த்துப் போட வேண்டும். எர்த்துக்கு மூன்றடி இரும்புக் கம்பியை ஈர மண்ணில் அறைந்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, ஜெனரேட்டர் பாடியோடு சேர்த்துக் கட்டுங்கள். மின் கசிவு வந்தால் சட்டென்று துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போர்டில் இருக்கட்டும். கும்மிக்குப் பெண்கள் வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பார்கள், நடுவில் இரும்பு மைக் ஸ்டாண்ட் இருக்கும்.

விளக்கை முகத்துக்கு நேரே வைத்தால் கண்மாய்க்கரைப் பூச்சி அத்தனையும் பாடுகிறவர் வாய்க்குள். பன்னிரண்டு அடி உயரத்தில் இரண்டு பக்கவாட்டிலிருந்து போடுங்கள். வெள்ளையைவிட மஞ்சள் விளக்குக்குப் பூச்சி குறைவாக வரும். களத்திலிருந்து முப்பதடி தள்ளி ஒரே ஒரு வெள்ளை டியூப் லைட்டை எரியவிடுங்கள், மிச்சப் பூச்சி அங்கே போய்விடும்.

ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அதனால் 9.40-க்கு முடிக்கிற மாதிரி நிரல் போட்டால்தான் 10-க்குள் முடியும். பொது இடத்து எல்லையில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது.

---

செங்காவி எழுதியது:

சுவர் பற்றி மட்டும்.

"நீரின்றி அமையாது உலகு" என்று எழுதி, இரண்டு கை ஒரு சொட்டுத் தண்ணீரை ஏந்துகிற படம் எல்லா ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் நிற்பதில்லை. அதற்குப் பதிலாக உங்கள் ஊர்க் கிராம வரைபடத்தையே வரையுங்கள். கண்மாய், வரத்துக்கால், மடைகள், கலுங்கு, கலுங்கடி ஓடை, கோயில், காலனி, பள்ளிக்கூடம். நடந்து போகிறவர் தன் வயலைத் தேடுவார். வரத்துக்கால் தன் வயல் வழியாகப் போவதையும் பார்ப்பார்.

வரைபடத்தை ஏ3 தாளில் ஜெராக்ஸ் எடுத்து 3 செ.மீ. கட்டம் போடுங்கள். சுவரில் ஒரு கட்டம் ஓர் அடி. 14 அடிக்கு 10 அடி வரும். கட்டத்தைச் சாக்பீஸ் தடவிய நூலால் தட்டினால் போதும், பென்சில் கோடு பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று புள்ளி வைத்து இணைத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே வரைந்துவிடுவார்கள்.

பள்ளிச் சுவரில் பழைய சுண்ணாம்பு நாலைந்து அடுக்கு இருக்கும். அதன் மேலேயே எமல்ஷன் அடித்தால் ஆறு மாதத்தில் அப்பளம் மாதிரி உரியும். இரும்புத் தகடால் சுரண்டி, தென்னை மட்டையால் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட், 140 சதுர அடிக்கு ஒன்றரை லிட்டர். மேலே வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட், 3 லிட்டர். நிறத்துக்கு அதே வெள்ளையில் ஸ்டெய்னர் (நிறக் கலவை) கலந்தால் மலிவு. காவியும் கறுப்பும் வெயிலில் நிற்கும். மஞ்சளும் ரோஸும் இரண்டு கோடையில் வெளுத்துவிடும். வரத்துக்காலுக்கு நீலம் அடித்து இரண்டு பக்கமும் கறுப்புக் கோடு போட்டால் நீலம் வெளுத்தாலும் கோடு நிற்கும்.

தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஈரம் ஏறி உப்புப் பூக்கும். அந்தப் பட்டையை வெறும் காவியாக விட்டுவிடுங்கள், முக்கியமான எதையும் அதில் வரையாதீர்கள். எழுத்து ஓர் அங்குல உயரம் என்றால் 25 அடியிலிருந்து படிக்கலாம். ரோட்டுக்கு எதிர்ப்புறத்தில் டீக்கடை இருந்தால் அந்தத் தூரத்தை அளந்து எழுத்தைத் தீர்மானியுங்கள். மேற்குப் பார்த்த சுவர் என்றால் காலையில் வேலை செய்யுங்கள், மதியம் தூரிகையிலேயே பெயிண்ட் காயும்.

மூன்று எச்சரிக்கை. தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி. கட்சிக்காரர்கள் வருஷம் போட்டு "முன்பதிவு" எழுதி வைத்திருக்கும் சுவரைத் தொடாதீர்கள், அது பள்ளிச் சுவராகவே இருந்தாலும் பேசிவிட்டுத் தொடுங்கள். ஆக்கிரமிப்பாளர் பேரைச் சூசகமாகக்கூட எழுதாதீர்கள். பதிவேட்டில் கால்வாய் எத்தனை மீட்டர் அகலம் என்று இருக்கிறதோ அதை மட்டும் அந்த இடத்தில் எழுதுங்கள்.

---

கண்மாய்க்கரை எழுதியது:

இத்தனை விவரத்தை எதிர்பார்க்கவில்லை, நன்றி. தேதி ஆகஸ்டுக்கு மாற்றுகிறோம். தெருக்கூத்தும் தண்டோராவும் இல்லை. இடம் பேருந்து நிறுத்தத்துப் பொட்டல்.

இரண்டு சந்தேகம். ஸ்டேஷனில் நாடகத்துக்கு முழு வசனத்தையும் முன்கூட்டியே எழுதிக் கேட்பார்கள் என்கிறார்கள். பபூன் பேசுவதை எப்படி எழுதிக் கொடுப்பது? இன்னொன்று, கால்வாய் அகலம் எந்தப் பதிவேட்டில் இருக்கும்?

---

அபதிவேடு எழுதியது:

வசனத்தை முன்கூட்டியே காட்டச் சொன்ன 1954-ஆம் வருஷத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்தச் சட்டத்தைச் சொல்லி யாரும் கேட்க முடியாது. ஆனால் வாக்குவாதம் வேண்டாம். கடிதத்தில் தேதி, நேரம், இடம், இடத்துக்குப் பொறுப்பானவரின் சம்மதக் கடிதம், பாக்ஸ் எண்ணிக்கை, ஜெனரேட்டர், நிகழ்ச்சி வரிசை, பொறுப்பாளர் இருவர் பேர், போன் எண், இவ்வளவும் போட்டுப் பதினைந்து நாள் முன்னால் கொடுங்கள். நகலில் முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். "கண்மாய்த் தூர்வாருதல் பற்றிய கும்மி, தப்பாட்டம், நகைச்சுவை" என்று எழுதினால் போதும். மாவட்டத்தில் காவல் சட்டம் 30(2) அமலில் இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். இருந்தால் ஊர்வலம், கூட்டம் எதற்கும் அனுமதி கட்டாயம்.

அகலம்: சர்வே எண்ணைக் கண்டுபிடித்தால் புல வரைபடத்தை அரசின் இ-சேவைத் தளத்திலிருந்தே இறக்கலாம், அளவு மீட்டரில் இருக்கும். அந்த எண் வாய்க்கால் புறம்போக்கா என்பதை அ-பதிவேட்டில் (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) சரிபாருங்கள். கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு, 30 நாளில் பதில். அதனால் இதை ஜூனிலேயே தொடங்குங்கள். சுவர் ஓவியத்துக்கும் இந்தத் தாள்தான் வேண்டும்.

ஒரு நுணுக்கம். ஆயக்கட்டு 70 ஏக்கர் என்றால் 28 ஹெக்டேர். 40 ஹெக்டேருக்குக் கீழ் என்பதால் உங்கள் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, பொதுப்பணித் துறைக் (இப்போது நீர்வளத் துறை) கண்மாய் இல்லை. எல்லாரும் 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மனு எழுதுவார்கள். அது பொதுப்பணித் துறைப் பொறுப்பில் உள்ள ஏரி, கண்மாய்களுக்கானது. உங்களுக்கு 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம், வட்டாட்சியர் வழி. தூர்வாருவதற்கு வட்டார வளர்ச்சி அலுவலர். தவறான சட்டத்தைப் போட்ட தீர்மானம் மேசை மாறி மேசை மாறிச் சுற்றும்.

சீமைக்கருவேலத்தை நீங்களாக வெட்டாதீர்கள். புறம்போக்கு மரத்துக்கு மதிப்புப் போட்டு ஏலம் விடுகிற நடைமுறை உண்டு. தீர்மானத்தில் "வேரோடு அகற்றி" என்ற சொல் இருக்கட்டும். வெட்டி மட்டும் போனால் கட்டையிலிருந்து அடுத்த மழைக்கே துளிர்க்கும், கரிமூட்டக்காரருக்கு அதுதான் வசதி.

தீர்மான வாசகத்தை இப்படி நாலு வரியில் எழுதிவையுங்கள்: எந்த சர்வே எண், பதிவேட்டில் எத்தனை மீட்டர் அகலம், எந்தத் தேதிக்குள் சர்வேயர் அளக்க வேண்டும், எந்த நிதியில் தூர்வார வேண்டும். பொருளாகச் சேர்க்கச் சொல்லி ஊராட்சிச் செயலரிடம் சபைக்குப் பத்து நாள் முன்னால் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். கலை நிகழ்ச்சி அன்று பபூன் இறங்கினதும், தப்பு ஏறுவதற்கு முன்னால், இந்த நாலு வரியை மட்டும் ஒரு பெண் மைக்கில் வாசிக்கட்டும். பேச்சாளர் யாரும் வேண்டாம். வாசலில் மேசை போட்டு, சபைக்கு வருவதாகச் சொல்கிறவர்கள் பேரைத் தெருவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். 501-லிருந்து 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு (கோரம்) 100 பேர். நூற்றைம்பது பேர் எழுதினால்தான் காலை 11 மணி வெயிலில் நூறு பேர் வருவார்கள். உங்கள் 1,400 ஒரு குக்கிராமத்துக் கணக்கா, மொத்த ஊராட்சிக் கணக்கா என்று பாருங்கள். 3,000-ஐத் தாண்டினால் 200 பேர் வேண்டும்.

அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். அது வேறு, தீர்மானப் பதிவேடு வேறு. தீர்மானத்தை எண் போட்டு எழுதி வாசித்துக் காட்டும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம் என்று முதல் வரிசையில் உட்காரும் கும்மிப் பெண்களிடம் சொல்லி வையுங்கள். வாசித்த பக்கத்தைக் கையோடு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.